கோடை விடுமுறையும் இரண்டு எழுத்துகளும்: சித்தூர், திருப்பதிப் பகுதிக் குழந்தைகளின் தன்வாசிப்பு குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஆந்திரப் பிரதேசத்தின் அரசுப் பள்ளிகள் ஏப்ரல் கடைசி வாரத்தில் மூடினால் ஜூன் இரண்டாம் வாரத்தில்தான் திறக்கின்றன. இடையில் ஏறத்தாழ 50 நாள். இரண்டாம் வகுப்பையோ மூன்றாம் வகுப்பையோ முடித்த ஒரு குழந்தைக்கு இந்த 50 நாளில் என்ன நேர்கிறது என்பது கல்வியியலாளரின் கேள்வியாகவே இதுவரை இருந்துவந்திருக்கிறது. அதற்கு ஒரு வரலாறு உண்டு என்பதையும், சித்தூர், திருப்பதிப் பகுதியில் அந்த வரலாறு மொழி எல்லையோடு பின்னிக் கிடக்கிறது என்பதையும் சொல்ல முயல்கிறேன். முகநூல் பதிவுக்கு இது சற்று நீளம்; பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சென்னை மாகாணத்து வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில வட்டங்களைப் பிரித்து 1911இல் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கினார்கள். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது அம்மாநிலத்துக்குப் போயிற்று. ம.பொ.சி. தலைமையில் தமிழரசுக் கழகம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் அதன்பின் வந்த படாஸ்கர் தீர்ப்பும் திருத்தணியை 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தில் சேர்த்தன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குச் சென்றது. கோடுகள் இத்தனை முறை மாறியும் நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இருந்தபடியே இருக்கின்றன. கோட்டுக்கு இப்பால் திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் அவ்வாறே.

1. ஏன் அந்த வயது?

எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கும் தானே வாசிப்பதற்கும் இடையே ஒரு காலம் இருக்கிறது. குழந்தை எழுத்துகளை அறியும், சொல்லைக் கூட்டிவிடும், ஆனால் வரியின் முடிவை எட்டும்போது தொடக்கம் மறந்திருக்கும். இக்காலத்தில் அதற்கு வேண்டியது புதிய பாடம் அன்று, பழக்கம். தெரிந்த சொற்கள் நிறைந்த எளிய கதைகளைத் திரும்பத் திரும்பப் படிப்பதே அப்பழக்கம்.

நம் எழுத்துமுறையில் இக்காலம் ஆங்கிலத்தைவிட வேறுவகையில் நீள்கிறது. ஆங்கிலக் குழந்தை 26 எழுத்துகளைச் சில மாதங்களில் கற்று, அதன்பின் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள முரணோடு போராடுகிறது. நம் குழந்தைக்கு முரண் குறைவு. ஆனால் கற்க வேண்டிய வடிவங்கள் மிகுதி. கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துத் தொகுதி முழுவதையும் கைக்கொள்ளக் குழந்தைகளுக்கு நான்காம் வகுப்பு வரையிலும் அதற்கு அப்பாலும் காலம் தேவைப்படுவதைக் காட்டியது. கன்னடத்துக்கு மிக நெருங்கிய எழுத்து தெலுங்கு. குணிந்தங்களும், ஒரு மெய்யின் கீழ் இன்னொரு மெய்யைச் சேர்க்கும் ஒத்துகளுமாக அதன் வடிவங்கள் பெருகுகின்றன. தமிழில் வடிவங்கள் குறைவு. எழுத்தெண்ணிக்கை 247 என்றாலும் அவை ஒழுங்குடன் அமைந்தவை. ஆனால் தமிழ்க் குழந்தைக்கு வேறொரு சுமை உண்டு. 'க' என்னும் ஓர் எழுத்து இடத்துக்கேற்பப் பல ஒலிகளைத் தரும். பேசும் தமிழும் எழுதும் தமிழும் தொலைவில் நிற்கும். 'வந்துட்டாங்க' என்று பேசும் குழந்தை 'வந்துவிட்டார்கள்' என்பதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்குப் பிந்தைய கோடை, எழுத்துப் பயிற்சி பாதியில் நிற்கும் நேரத்தில் வந்துசேர்கிறது. வீட்டில் தமிழ் பேசித் தெலுங்கு வழியில் படிக்கும் குழந்தைக்கு அது இரண்டு பயிற்சிகளின் பாதி.

2. நீண்ட விடுமுறை இல்லாத காலம்

திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று தனியே கிடையாது. உவா நாள்களும் திருவிழாக்களுமே அங்கு ஓய்வு நாள்கள். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி என்று தமிழிலும், பாலசிக்ஷ, சுமதி சதகம், வேமனர் பாடல்கள் என்று தெலுங்கிலும் படிப்பு நடந்தது. மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லி, நெட்டுருச் செய்வது முறை. குழந்தை ஏட்டைப் பார்த்து வாசிக்கத் தொடங்கியபோது அந்த ஏட்டில் இருந்தது ஏற்கெனவே மனப்பாடமாயிருந்தது.

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளைப் பற்றிக் கணக்குக் கேட்டார். 1826 மார்ச் 10 நாளிட்ட அவருடைய குறிப்பு சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்ததாகச் சொல்கிறது. தரம்பாலின் தொகுப்பு 1983இல் வெளிவந்த பிறகு இவ்வெண்கள் பலராலும் எடுத்தாளப்பட்டு, அன்றைய கல்வியின் பெருமையையோ போதாமையையோ நிறுவப் பயன்பட்டிருக்கின்றன. என் கவனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், தெலுங்கும் கன்னடமும் படிக்கும் சிறுவர் ஏராளமான செய்யுள்களை ஒப்பிக்கிறார்கள் என்றும், செய்யுள் மொழி பேச்சுமொழியிலிருந்து வேறுபட்டிருப்பதால் அவற்றின் பொருளை அறியாமலே ஒப்பிக்கிறார்கள் என்றும் குறிப்பிட்டார். அவருடைய பார்வையில் காலனிய அலுவலரின் சாய்வு உண்டு. ஆயினும் அவர் சுட்டிய இடைவெளி மெய்யானது. ஓசை தெரியும், எழுத்து தெரியும், பொருள் தெரியாது என்ற நிலை அது.

அந்த இடைவெளியைத் தொண்டை மண்டலத்தில் நிரப்பியது பள்ளிக்கூடம் அன்று, பாரதத் திருவிழா. இன்றும் சித்தூர்ப் பகுதியில் திரௌபதியம்மன் கோயில்களும் தருமராசர் கோயில்களும் ஊருக்கு ஊர் உள்ளன. பல ஊர்களில் அறுவடை முடிந்த வேனிற்காலத்தில் பாரதம் தொடங்கும். பகலில் பிரசங்கியார் செய்யுளைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே பகுதியைக் கூத்தாக ஆடுவார்கள். தமிழ் ஊரில் வில்லிபாரதத்தை ஒட்டியும், தெலுங்கு ஊரில் தெலுங்குப் பாரதத்தை ஒட்டியும் நடக்கும். முடிவில் மண்ணால் பெருவடிவாகக் கிடத்தப்பட்ட துரியோதனன் வீழ்வான், அதன்பின் தீமிதி.

இதை நாட்டார் வழிபாடாகவும் நிகழ்கலையாகவும் நாம் நிறைய எழுதியிருக்கிறோம். வாசிப்பின் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு என்பது என் வாதம். ஒரு செய்யுள் முதலில் பாட்டாகக் காதில் விழுகிறது. உடனே பேச்சுமொழியில் விரிகிறது. இரவில் வேடமிட்டு முன்னால் வந்து நிற்கிறது. திண்ணைப் பள்ளியில் ஓசையை மட்டும் கற்ற குழந்தைக்கு இது பொருளைத் தந்தது. முன்பே கேட்ட கதையை ஏட்டிலோ மலிவுப் பதிப்பிலோ எழுத்துக்கூட்டும்போது அடுத்த சொல் எதுவாயிருக்கும் என்று ஊகிக்க முடியும். குழந்தைக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள், பிறகு அதே நூலை அதன் கையில் கொடுங்கள் என்று இன்றைய வாசிப்புப் பயிற்சியாளர் சொல்வதன் உட்கரு இதுதான்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. திண்ணைப் பள்ளியில் அமர முடிந்தவர் சிலரே. பெண் குழந்தைகள் மிகச் சிலர்; தாழ்த்தப்பட்ட சாதிக் குழந்தைகளுக்கு அந்தத் திண்ணை பொதுவாக மறுக்கப்பட்டது. கூத்தைக் கேட்டவர் பலர், ஏட்டைத் தொட்டவர் சிலர். கேள்விக்கும் வாசிப்புக்கும் நடுவே நின்றது சாதி என்பதை மறந்துவிட்டுப் பழைய கோடையைப் பாடுவது வரலாறு ஆகாது.

3. விடுமுறையும் நூலகமும்

அரசுப் பள்ளிகளும் மிஷன் பள்ளிகளும் பரவியபோது நீண்ட வேனில் விடுமுறையும் பரவியது. நீதிமன்றங்களுக்கு மே மாதம் ஓய்வு, பள்ளிகளுக்கும் அவ்வாறே. கத்திரி வெயிலில் ஓட்டுக்கூரையின் கீழ் குழந்தைகளை அடைத்துவைக்க முடியாது என்பது நியாயமான காரணம். ஆனால் பாடப்புத்தகம் ஒன்றே நூல் என்றிருந்த வீட்டில் விடுமுறை என்பது எழுத்தே கண்ணில் படாத காலமாக மாறியது. கோடை வாசிப்பு ஒரு சிக்கலாக உருவானது பள்ளி ஆண்டு என்ற நவீன ஏற்பாட்டின் விளைவு.

அதற்கு விடையாகக் கருதத்தக்கது நூலக இயக்கம். தென்னிந்தியாவில் அது இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது. ஆந்திரப் பகுதியில் ஐயங்கி வெங்கட ரமணய்யா போன்றோரின் முயற்சியில் 1914இல் விஜயவாடாவில் ஆந்திர தேச நூலகச் சங்கம் தோன்றியது. 1935இல் கிருஷ்ணா வாய்க்காலில் படகு நூலகம் ஓடியது. தமிழ்ப் பகுதியில் 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. எஸ்.ஆர். அரங்கநாதன் வழிகாட்ட, 1929இல் அச்சங்கம் கோடைப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தி நூலகர்களை உருவாக்க முற்பட்டது. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஊர்களுக்குப் புறப்பட்டது. ஒரு பக்கம் படகு, ஒரு பக்கம் வண்டி. வாசகர் வரும்வரை காத்திராமல் நூல் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்பதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

கல்வியமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் காலத்தில் நிறைவேறிய 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் இவ்விரு ஊற்றுகளையும் ஒரே அமைப்பில் கொண்டுவந்தது. மாவட்டந்தோறும் தல நூலக ஆணைக்குழு. அதன் செலவுக்கு வீட்டு வரியுடன் ரூபாய்க்கு 6 தம்படி நூலக வரி. சித்தூர் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால் இச்சட்டம் அதற்கும் பொருந்தியது. ஆந்திரம் பிரிந்த பின்னரும் சென்னைச் சட்டம் அங்கே தொடர்ந்தது. 1960இல் ஆந்திரப் பிரதேசம் தன் சட்டத்தை இயற்றியபோதும் நூலக வரி, மாவட்ட அமைப்பு என்ற அடிப்படை நீடித்தது. சித்தூர்ப் பகுதியின் கிளை நூலகமும் வேலூர்ப் பகுதியின் கிளை நூலகமும் ஒரே சட்டத்தின் வழிவந்தவை என்பதை எல்லை அரசியல் பேசும்போது நாம் நினைப்பதில்லை.

நூலகம் வந்தாலும் அதில் ஏழு வயதுக் குழந்தை தானே படிக்கும் நூல் இருக்க வேண்டும். அதற்கு அச்சுத்துறை முன்வர வேண்டியிருந்தது.

4. ஒரே படம், இரண்டு எழுத்து

1947இல் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து சிறுவர் மாத இதழ் ஒன்றைத் தொடங்கினார்கள். நாகிரெட்டி கடப்பை மாவட்டத்தவர், சக்கரபாணி தெனாலிக்காரர். இதழ் தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. பிறகு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் அது வெளிவந்தது; ஆனால் அது பிறந்த ஆண்டில் தெலுங்கும் தமிழும் உடன்பிறப்புகள். கொடவடிகண்டி குடும்பராவ் 1952 முதல் 1980இல் மறையும்வரை ஆசிரியப் பொறுப்பைச் சுமந்தார். தமிழ்நாட்டில் பிறந்த ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனும் வேதாளமும் எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் பொதுவாயின.

அம்புலிமாமாவைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் ஏக்கமாகவே இருக்கிறது. அதன் அமைப்பைக் கவனித்தால் வேறொன்று புலப்படும். கதைகள் சில பக்கங்களில் முடிந்தன. பக்கத்துக்குப் பக்கம் படம் இருந்தது. வாக்கியங்கள் குறுகியவை, சொற்கள் பழகியவை. வேதாளக் கதை ஒவ்வொரு மாதமும் ஒரே விதமாகத் தொடங்கி ஒரே விதமாக முடியும். பெரியவர்களுக்கு அலுப்பூட்டக்கூடிய இந்தத் திரும்பக்கூறல் புதிதாக வாசிப்பவருக்குப் பெருந்துணை. முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் தெரிந்தவை என்பதால் நடுவிலுள்ள புதிய கதைக்கு முழு ஆற்றலையும் செலவிட முடியும். பாரதப் பிரசங்கத்தில் கேட்ட கதையை எழுத்தில் கண்டதும் இங்கு நிகழ்ந்தது. ஏனெனில் இதழின் பெரும்பகுதி இதிகாச, நாட்டார் மரபுகளிலிருந்து வந்தது. அதன் குறைகளும் அம்மரபுகளிலிருந்தே வந்தன. அரசர், அந்தணர், வணிகர் உலவிய அவ்வுலகில் உழைப்பாளர் வீட்டுக் குழந்தை தன் வீட்டைக் காண்பது அரிது.

சித்தூர்ப் பகுதியைப் பொறுத்தவரை இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒரே கதை, ஒரே ஓவியம், இரண்டு எழுத்து. ஒரு மொழியில் கதையை அறிந்தவர் மற்ற மொழி இதழில் அதே படத்தைப் பார்த்தவுடன் இது இன்ன கதை என்று அறிவார். அறிந்த பிறகு எழுத்தைக் கூட்டுவது எளிது. இருமொழிக் கல்விக்காக யாரும் திட்டமிடவில்லை. வணிக நோக்கில், ஒரே ஓவியக் கட்டையைப் பல மொழிகளுக்குப் பயன்படுத்தும் அச்சகச் சிக்கனத்தில் அது தானாக அமைந்தது. 1953இல் மாநிலம் பிரிந்தபோதும் தெலுங்கு இதழ் சென்னையில்தான் அச்சாகிக்கொண்டிருந்தது. பாடநூல்கள் எல்லையில் நின்றுவிட்டன. அம்புலிமாமா எல்லையைப் பொருட்படுத்தவில்லை.

அதே காலத்தில் தமிழில் அழ. வள்ளியப்பாவும் அவரைச் சூழ்ந்தவர்களும் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார்கள். 1955இல் சென்னையில் தொடங்கிய தென்மொழிகள் புத்தக டிரஸ்ட் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கிலும் குறைந்த விலை நூல்களுக்கு வழிசெய்தது. மொழிவாரி மாநிலங்கள் உருவான அதே பத்தாண்டில்தான் மொழிகளைக் கடந்து நூல்களைக் கொண்டுசெல்லும் முயற்சிகளும் நடந்தன.

5. எல்லையும் பாடநூலும்

1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தம் அரசமைப்பில் 350ஏ என்னும் உறுப்பைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதிகளை ஏற்படுத்த மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அதன் சாரம். சித்தூர்ப் பகுதியில் தமிழ் வழிப் பள்ளிகளும் தமிழ்நாட்டு எல்லைப் பகுதியில் தெலுங்கு வழிப் பள்ளிகளும் இவ்வுரிமையின் பேரில் நடந்துவருகின்றன.

எனினும் இரு பக்கத்திலும் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழை முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாக்கியது. எல்லையோரத் தெலுங்குக் குடும்பங்கள் தம் மொழியைப் பற்றிக் கவலை கொண்டன. ஆந்திரத்தில் 2019இல் அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்றும் ஆணை வந்தது. 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. ஆயினும் ஆங்கிலத்தை நோக்கிய பெற்றோரின் விருப்பம் எந்த ஆணைக்கும் காத்திருக்கவில்லை. வேலைவாய்ப்பை எண்ணும் பெற்றோரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் இவற்றின் கூட்டு விளைவு ஒன்று உண்டு. வீட்டில் பேசும் மொழியின் எழுத்து, பள்ளி ஆண்டில் குழந்தைக்குக் கிடைக்காமல் போகிறது. அதைக் கற்க எஞ்சியிருக்கும் காலம் பெரும்பாலும் கோடைதான்.

சித்தூர், திருப்பதி பற்றிய தமிழ் எழுத்துகள் 'வேங்கடம் நமதே' என்ற குரலிலோ 'இழந்துவிட்டோம்' என்ற குரலிலோ முடிந்துவிடுகின்றன. நிலத்தைப் பற்றி எழுதிய அளவுக்கு அந்நிலத்துக் குழந்தையின் கையில் என்ன நூல் இருந்தது என்பதைப் பற்றி நாம் எழுதவில்லை. வடக்கெல்லை வரலாற்றின் பெரிய விடுபடலாக இதைக் கருதுகிறேன்.

6. மதனப்பள்ளி தந்த ஏணி

குழந்தை தானே கற்கவும் தானே வாசிக்கவும் வழிசெய்த ஒரு முறையைத் தமிழ்நாடு இப்பகுதியிலிருந்துதான் பெற்றது என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம். மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலி, ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் உருவான பள்ளி. அதன் ஊரகக் கல்வி மையத்தில் ஒய்.ஏ. பத்மநாப ராவும் அ. ராமாவும் 1980களின் பிற்பகுதியிலிருந்து சுற்று வட்டாரச் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளுக்கென ஒரு முறையை வளர்த்தெடுத்தார்கள். பாடநூலைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்தார்கள். அட்டைகளை வரிசைப்படுத்திச் சுவரில் 'கற்றல் ஏணி' ஒன்றை வைத்தார்கள். ஒவ்வொரு வகைச் செயலுக்கும் ஒரு சின்னம். இன்னும் வாசிக்கத் தெரியாத குழந்தைகூடச் சின்னத்தைப் பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் துணையுடன் கற்கும் குழு, தோழர் துணையுடன் கற்கும் குழு, தனியே கற்கும் குழு என வகுப்பு பிரிந்து அமரும்.

இதில் கோடைக்கு உரிய ஒரு பாடம் இருக்கிறது. வேலைக்காகவோ நோயாலோ சில வாரம் வராத குழந்தை, திரும்பி வரும்போது வகுப்பின் பக்க எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. தான் விட்ட படியிலிருந்து தொடரும். இடைவெளி என்பது குழந்தையின் குற்றமன்று என்ற எண்ணம் இம்முறையிலேயே உள்ளது.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் முன்னெடுத்த செயல்வழிக் கற்றல், ரிஷிவேலி முறையிலிருந்து கற்றுக்கொண்டு தொடங்கியது. 2007–08இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. சுண்ணமெழுகிய சுவரின் தாழ்வான பகுதியைக் குழந்தைகளுக்குக் கரும்பலகையாக்கிய அந்த ஆண்டுகளை ஆசிரியர் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அம்முறை மீதான விமர்சனங்களையும் நான் அறிவேன். அட்டைகளை நிரப்புவதே கற்றலாகிவிட்டது என்பது அவற்றுள் முதன்மையானது. வாசிப்பைப் பொறுத்தவரை அதில் உண்மையும் உண்டு. அட்டை எழுத்தைக் கற்பிக்கும். ஆனால் கதைநூலின் இடத்தை நிரப்பாது. அட்டைகள் பள்ளியிலேயே தங்கிவிடுபவை. கோடையில் வீட்டுக்குச் செல்ல வேண்டியது நூல்.

7. இன்று

2020இல் பெருந்தொற்று உலகம் முழுவதிலும் ஒரு நெடுங்கோடையை உண்டாக்கியது. அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை ஐந்து மாநிலங்களில் 16,067 குழந்தைகளிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஆண்டு கைவந்திருந்த மொழித்திறன்களில் ஒன்றையாவது 92 விழுக்காட்டுக் குழந்தைகள் இழந்திருந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஊரக இந்தியாவில் 2018இல் 27.3 விழுக்காடு, 2022இல் 20.5 விழுக்காடு என்கிறது ஏசர் அறிக்கை. பயன்படாத எழுத்து மறந்துபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இதற்கு மாற்றாக நிற்கும் பழைய சான்று ஒன்று உண்டு. பார்பரா ஹெய்ன்ஸ் அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவரிடம் செய்த ஆய்வு 1978இல் வெளிவந்தது. கோடையில் படித்த நூல்களின் எண்ணிக்கை குழந்தையின் வளர்ச்சியோடு சீராகத் தொடர்புற்றிருந்தது என்றும், கோடைக் கற்றலில் பொது நூலகத்தைப் போல வேறெந்தப் பொது நிறுவனமும் பங்காற்றவில்லை என்றும் அவர் கண்டார். நாடும் வயதும் வேறு. ஆயினும் அரங்கநாதன் தலைமுறையின் நம்பிக்கைக்கு இது வலுச்சேர்க்கிறது.

ஆந்திர அரசு 2020 நவம்பரில் 'சதவடம் மாகிஷ்டம்' (வாசிப்பது எங்களுக்கு விருப்பம்) என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. மாவட்ட நூலக அமைப்புகள் கோடையில் சிறுவர்க்காக 'வேசவி விஞ்ஞான சிபிரம்' நடத்துகின்றன. கதை படித்தல், கதை சொல்லுதல், ஓவியம் என அவை நடக்கின்றன. தமிழ்நாட்டில் 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக வகுத்தது. 2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே படக்கதை தமிழிலும் தெலுங்கிலும் திறந்த உரிமத்துடன் கிடைக்கிறது, யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

அம்புலிமாமா தற்செயலாகச் செய்ததை இன்று திட்டமிட்டே செய்ய முடியும். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், சித்தூர் கிளை நூலகங்களில் ஒரு தாழ்ந்த அலமாரி. அதில் ஒரே கதையின் தெலுங்கு நூலும் தமிழ் நூலும் அடுத்தடுத்து. திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் அதே அலமாரி. முகாமில் ஒரு முதியவர் கதையைப் பேச்சுமொழியில் சொல்ல, பிறகு குழந்தை நூலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். திருப்பதியில் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகமும் குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அவற்றின் மாணவர்கள் மே மாதத்தில் ஒரு வாரம் இம்முகாம்களுக்குச் சென்றால், எந்தச் சொல்லில் குழந்தை தடுமாறுகிறது, எந்த எழுத்தில் கண் நிற்கிறது என்பதைப் பதிவுசெய்யலாம். ஒப்பிலக்கணமும் மொழித்தொடர்பும் படிக்கும் நமக்கு அதைவிட உயிருள்ள தரவு எங்கே கிடைக்கும்?

இப்பகுதியில் வளர்ந்த நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஏழு, எட்டு வயதுக் கோடையில் கைக்குக் கிடைத்த முதல் நூல் அல்லது இதழ் எது, எந்த எழுத்தில் இருந்தது, யார் கொடுத்தார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். ஊர்ப் பெயரும் ஏறத்தாழ ஆண்டும் இருந்தால் போதும். எல்லையின் வரலாற்றை அரசாணைகளிலிருந்து எழுதிவிட்டோம். வாசிப்பின் வரலாற்றை இந்த நினைவுகளிலிருந்துதான் எழுத வேண்டும்.